இயேசு கேட்ட காசும் வெள்ளலூர்ப் பானையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

மந்தைவெளியில இருந்து பேசறேன். பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, மெட்ரோ வேலை முடியற வரைக்கும் நம்ம பாட்காஸ்ட்டுக்கு அதுதான் பின்னணி இசை.

இன்னிக்கு எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்குது. பட்டினப்பாக்கத்துல இருந்து ஒரு லிஸனர் எழுதியிருக்கார். பேர் வேண்டாம்னு சொன்னதால படிக்க மட்டும் செய்யறேன்.

"ப்ரோ, எங்க அக்கா பையனுக்கு வர்ற மே மாசம் புதுநன்மை. நான் தாய்மாமன். ஒரு வாட்ச், ஒரு செட் துணின்னு குடுத்துட்டு வந்துட முடியாது. ஆன்லைன்ல ஒரு பழைய வெள்ளிக்காசு பார்த்தேன். 'ட்ரிப்யூட் பென்னி'ன்னு பேர். இயேசு வாங்கிப் பார்த்த காசுன்னு போட்டிருக்கு. 38,000 ரூபா. சர்ட்டிஃபிகேட்டும் தர்றாங்களாம். வாங்கலாமா?"

நாணயம் நமக்குப் பிடிச்ச சப்ஜெக்ட், அதனால ஒரு வரியில பதில் போட்டுட்டுப் போக மனசு வரல. இந்தக் காசு எது, அதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம், வாங்கும்போது என்ன பார்க்கணும்னு மூணு விஷயத்தையும் பேசிடலாம். நடுவுல சொல்லப்போற ஒரு தகவல் அந்த விற்பனைப் பக்கத்துல இருக்கவே இருக்காது.

அந்தக் காசு எது?

கதை பைபிள்ல மாற்கு 12-ம் அதிகாரம். மத்தேயுவிலயும் லூக்காவிலயும்கூட வருது. ரோமப் பேரரசருக்கு வரி கட்டறது சரியா தப்பான்னு கேட்டு இயேசுவை மாட்டிவிடப் பார்க்கறாங்க. "கட்டு"ன்னு சொன்னா சொந்த ஜனங்களுக்குக் கோவம் வரும். "கட்டாதே"ன்னா ராஜத் துரோகம். அவர் ஒரு காசு கொண்டு வரச் சொல்லி, இதுல இருக்கற உருவம் யாரோடது, எழுத்து யாரோடதுன்னு திருப்பிக் கேட்கறார். அதுக்கப்புறம் அவர் சொன்ன பதில் உங்க எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் காசை நம்ம பழைய தமிழ் பைபிள் வெறுமனே "பணம்"னு சொல்லுது. கத்தோலிக்கர் படிக்கற பொது மொழிபெயர்ப்புல "தெனாரியம்". அதாவது ரோமானிய வெள்ளிக்காசான டெனாரியஸ். 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள்ல மொழிபெயர்த்தவங்க, அவங்க ஊர்ல அப்போ புழங்கின வெள்ளிக்காசு பேரையே வெச்சு "பென்னி"ன்னு போட்டுட்டாங்க. அதனாலதான் காசு சேகரிக்கறவங்க இதை "ட்ரிப்யூட் பென்னி", கப்பக் காசுன்னு கூப்பிடறாங்க.

இயேசு ஊழியம் செஞ்ச காலத்துல ரோமப் பேரரசர் டைபீரியஸ். நம்ம பைபிள்ல "திபேரியு". ஆட்சி கி.பி. 14-ல இருந்து 37 வரைக்கும். அவர் ஆட்சியில பெரிய அளவுல அடிச்ச டெனாரியஸ் பெரும்பாலும் ஒரே டிசைன்தான். ஒரு பக்கம் இலைமாலை போட்ட அவரோட தலை. மறுபக்கம் நாற்காலியில உட்கார்ந்திருக்கற ஒரு பெண். பலர் அவரை டைபீரியஸோட அம்மா லிவியான்னு சொல்றாங்க. அடிச்ச இடம் இன்னிக்கு பிரான்ஸ்ல இருக்கற லியோன். எடை 4 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. உங்க பர்ஸ்ல இருக்கற ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் சின்னது. திராட்சைத் தோட்டத்துல ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சா ஒரு டெனாரியஸ் கூலின்னு மத்தேயுவில ஒரு உவமை இருக்கு. அதுதான் அதோட மதிப்பு.

காசுல என்ன எழுதியிருக்குங்கறது முக்கியம். முன்பக்கம், "தெய்வமான அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்". பின்பக்கம், "தலைமைக் குரு". ஒரே கடவுள், உருவம் செய்யக் கூடாதுன்னு வாழற ஜனங்க கையில இந்தக் காசு. "உருவம் யாரோடது, எழுத்து யாரோடது"ங்கற கேள்வி எவ்வளவு கூர்மையானதுன்னு காசைப் பார்த்தாத்தான் புரியும்.

இப்போ ஒரு சிக்கல். அந்தக் காலத்துல யூதேயாவில பெரிய அளவுல புழங்கின வெள்ளி, டைர் நகரத்துக் காசு. கோயில் வரியையும் அதுலதான் கட்டினாங்க. டைபீரியஸோட டெனாரியஸ் அந்தப் பக்கம் தோண்டும்போது ரொம்பக் குறைவாத்தான் கிடைச்சிருக்கு. அதனால இயேசு கையில இருந்தது அகஸ்டஸ் காசாவோ வேற காசாவோ இருந்திருக்கலாம்னு வாதாடற ஆய்வாளர்களும் உண்டு. "இந்த வகையா இருக்க வாய்ப்பு உண்டு"ன்னு சொன்னா நியாயம். "இயேசு பார்த்த காசு"ன்னு சொன்னா அது விற்பனை வசனம்.

இது ஒரு பெரிய மார்க்கெட், அதையும் சொல்லிடறேன். யூதாஸ் வாங்கின முப்பது வெள்ளிக்காசுன்னு டைர் ஷெக்கெல் விக்கறாங்க. ஏழை விதவை காணிக்கை போட்ட காசுன்னு, இயேசுவுக்கு ஒரு நூற்றாண்டு முன்னாடி அலெக்சாண்டர் யன்னாய் அடிச்ச குட்டிச் செப்புக்காசை விக்கறாங்க. பொந்தியு பிலாத்து அடிச்ச செப்புக்காசு, கான்ஸ்டன்டைன் காசுன்னு லிஸ்ட் போகும். காசு பெரும்பாலும் அசலாவே இருக்கும். ஆனா விலையில பாதி, மேல ஒட்டியிருக்கற கதைக்குத்தான்.

அது ஏன் கோயம்புத்தூர்ல கிடைச்சது?

முதல்ல சொன்ன தகவலுக்கு வர்றேன். எருசலேம் பக்கம் அபூர்வமா இருக்கற இந்தக் காசு, கொங்கு நாட்டுல பானை பானையா கிடைச்சிருக்கு.

1842-ல கோயம்புத்தூர் பக்கத்துல வெள்ளலூர்ல ஒரு பானை கிடைச்சது. உள்ளே 522 ரோமானிய வெள்ளிக்காசு. கொஞ்சம் அகஸ்டஸ், பெரும்பகுதி டைபீரியஸ். அதே வெள்ளலூர்ல 1891-லயும், 1931-லயும் திரும்பக் கிடைச்சது. 1946-ல உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்துல கிட்டத்தட்ட 1,400 டெனாரியஸ், அதுலயும் டைபீரியஸ்தான் அதிகம். பொள்ளாச்சி, கரூர், காத்தான்கண்ணின்னு வரைபடத்துல புள்ளி வெச்சுட்டே போனா, ஒரு கோடு மாதிரி தெரியும்.

அந்தக் கோடு பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற வியாபாரப் பாதை. எகிப்துல இருந்து செங்கடல் வழியா பருவக்காத்தைப் பிடிச்சு கப்பல் முசிறிக்கு வரும். முசிறியில யவனர்கள் தங்கத்தைக் குடுத்து மிளகு வாங்கினதை அகநானூறு பேசுது. கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வியாபாரி எழுதின 'பெரிப்ளஸ்'ங்கற கடல்வழிக் கையேடும், இந்தத் துறைமுகங்களுக்குக் கொண்டு போற சரக்குல முதல் இடம் நாணயத்துக்குத்தான்னு சொல்லுது. முசிறியில இருந்து உள்ள வந்தா கொங்கு. படியூர்ல பச்சைக்கல், கொடுமணல்ல மணி செய்யற பட்டறைகள், அதைத் தாண்டினா சேரர்களோட கரூர். நொய்யல் கரையோட வெள்ளலூர் இந்தப் பாதையில உட்கார்ந்திருக்கு.

ஏன் குறிப்பா டைபீரியஸ்? இங்க கிடைக்கற டெனாரியஸ்ல பெரும்பாலும் ரெண்டே டிசைன்தான். ஒண்ணு அகஸ்டஸ் தன் பேரன்கள் காயஸ், லூசியஸ் உருவத்தோட அடிச்சது. இன்னொண்ணு நம்ம டைபீரியஸ் காசு. ரெண்டுமே ஏராளமா அடிச்சது, வெள்ளி சுத்தம், எடை மாறாதது. கி.பி. 64-ல நீரோ டெனாரியஸ்ல எடையையும் குறைச்சு, வெள்ளியிலயும் கலப்படம் ஏத்தினார். அதுக்கப்புறம் வந்த வெள்ளிக்காசு நம்ம பக்கம் ரொம்பக் குறைவு. வியாபாரிகள் பழைய டிசைனைத் தேடிப் பிடிச்சு இங்க அனுப்பியிருக்கணும், ஏன்னா இங்க இருந்தவங்க அந்த டிசைனைத்தான் நம்பினாங்க. நல்ல வெர்ஷன் எதுன்னு தெரிஞ்சு அதுலயே நிக்கறது நமக்கும் பழக்கம்தானே, அப்டேட் வந்ததும் உடனே போட்டுடறோமா என்ன?

ப்ளினி எழுதின ஒரு சம்பவம் இதுக்குப் பொருத்தம். கிளாடியஸ் காலத்துல ஒரு ரோமானியக் கப்பல் காத்துல தள்ளப்பட்டு இலங்கைக்குப் போயிடுது. அங்க இருந்த ராஜா அதுல வந்தவர்கிட்ட இருந்த டெனாரியஸ் காசுகளைப் பார்க்கறார். ஒவ்வொண்ணுலயும் வேற வேற தலை, ஆனா எடை எல்லாத்துலயும் ஒண்ணு. ராஜா மாறினாலும் எடையில ஏமாத்தாத ஊர் போலிருக்குன்னு மதிச்சு, ரோமுக்குத் தூது அனுப்பினாராம். யாரோட உருவம்ங்கறது அவருக்கு ரெண்டாவது கேள்வி. எடை சரியா இருக்காங்கறதுதான் முதல் கேள்வி.

இதைவிட நேரடியான பதில் புதுக்கோட்டைக் குவியல்ல இருக்கு. 1898-ல 501 ரோமானியத் தங்கக் காசு அங்க கிடைச்சது. பெரும்பாலான காசுகள்ல பேரரசர் முகத்து மேலயே உளியால ஒரு வெட்டு. இது இனி நாணயமாச் செல்லாது, தங்கமா மட்டும்தான் மதிப்புன்னு காட்டவே வெட்டினாங்கன்னு ஒரு விளக்கம் உண்டு. "உருவம் யாரோடது"ன்னு எருசலேம்ல ஒருத்தர் கேட்டார். இங்க ஒருத்தர் அந்த உருவத்து மேல வெட்டு போட்டுட்டு தராசை எடுத்தார்.

அதனால பட்டினப்பாக்கம் நண்பா, நீங்க லண்டன் காசுன்னு நெனச்சு வாங்கப் பார்க்கறது, நாலு கை மாறிப் போன கொங்கு நாட்டுக் காசாவும் இருக்கலாம். இருக்கலாம்னு மட்டும்தான் சொல்ல முடியும். ஏன்னு இப்போ பார்ப்போம்.

காணாமப் போன ஒரு வரி

நம்மள்ல பாதிப் பேர் ஐடி. ப்ரொடக்‌ஷன்ல ஏதோ உடைஞ்சு போச்சுன்னு லாக் ஃபைலைத் திறக்கறீங்க. எரர் மெசேஜ் தெளிவா இருக்கு, ஆனா எந்த சர்வர், எத்தனை மணிங்கற தகவல் மட்டும் இல்ல. அந்த வரி பொய் இல்ல. ஆனா அதை வெச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

காசுக்கு அந்த மெட்டாடேட்டா, கிடைச்ச இடம். எந்த ஊர், என்ன ஆழம், பானையில இருந்ததா தனியா இருந்ததா, கூட என்ன இருந்தது. காசுல பேரரசர் பேர் இருக்கும், டிசைனை வெச்சு எங்க அடிச்சதுன்னும் சொல்லிடலாம். ஆனா இது எங்க போய் நின்னதுங்கற வரியைக் காசு சொல்லாது. எடுத்தவர் எழுதி வெச்சாத்தான் உண்டு.

நமக்குப் பக்கத்துலயே ஒரு உதாரணம் தர்றேன். தி.நகர் போக பஸ்ல தொங்கிட்டுப் போவோமே, அந்த மாம்பலத்துல முத்திரை குத்தின பழைய இந்திய வெள்ளிக்காசுக் குவியல் ஒண்ணு கிடைச்சது. அதுக்குள்ள ஒரே ஒரு அகஸ்டஸ் டெனாரியஸ். தனியாப் பார்த்தா அது உலகம் பூரா கிடைக்கற சாதாரண காசு. ஆனா "மாம்பலம், முத்திரைக் காசுகளோட சேர்ந்து"ன்னு ஒரு குறிப்பு இருக்கறதால, ரோமானிய வெள்ளியை இங்க இருந்தவங்க உள்ளூர் வெள்ளியோட ஒண்ணாப் போட்டு வெச்சாங்கன்னு தெரிய வருது. அந்தக் குறிப்பு தொலைஞ்சிருந்தா, அது ஏலத்துல விக்கற இன்னொரு அகஸ்டஸ் காசு, அவ்வளவுதான்.

எதிர் உதாரணமும் உண்டு. 1847-ல கண்ணூர் பக்கத்துல கோட்டயம்ங்கற ஊர்ல ரோமானியத் தங்கக் காசு ஆள் சுமை கணக்குல கிடைச்சதா எழுதியிருக்காங்க. முறையா எண்ணறதுக்கு முன்னாடியே பெரும்பகுதி கை மாறிடுச்சு. இப்படிக் கிடைச்ச உடனே உருக்கப்பட்டு நகையாப் போனதும் நிறைய.

இப்போ அந்த விற்பனைப் பக்கத்துக்கு வாங்க. "ட்ரிப்யூட் பென்னி, மாற்கு 12, நல்ல நிலை, சர்ட்டிஃபிகேட் உண்டு." எந்த ஊர்ல கிடைச்சதுங்கற வரி இல்ல. அந்த இடத்துல பைபிள் வசனம் உட்கார்ந்திருக்கு. ஒருவேளை அது வெள்ளலூர்ப் பக்கத்துக் காசா இருந்தா, கொங்கு வியாபாரத்தைப் பத்தி அது சொல்ல வேண்டியதைச் சொல்ல விடாம, வேற ஒரு கதையைச் சொல்ல வெச்சு விக்கறோம்.

தோமா வந்ததுக்குக் காசு சாட்சியா?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும், ஏன்னா நம்ம ஏரியா அப்படி. சாந்தோம் பேராலயம் இங்கிருந்து நடந்து போற தூரம். இப்போ இருக்கற கட்டிடம் 1896-ல அர்ச்சிக்கப்பட்டது. ஆனா அப்போஸ்தலர் தோமா இங்க வந்தார், பரங்கிமலையில உயிர் விட்டார், மயிலாப்பூர்ல அடக்கமானார்ங்கற மரபு ரொம்பப் பழசு. இந்த மரபைச் சொல்லும்போது, "பாருங்க, அதே காலத்து ரோமானியக் காசு தமிழ்நாட்டுல கிடைக்குதே"ன்னு பல பேர் சேர்த்துச் சொல்றதைக் கேட்டிருப்பீங்க.

காசு எதைக் காட்டுது? கி.பி. முதல் நூற்றாண்டுல செங்கடல்ல இருந்து இங்க வர்ற வழி திறந்திருந்தது, வருஷா வருஷம் கப்பல் வந்தது, வந்தவங்க கையில கனமான பணம் இருந்தது. தாலமி தன் புவியியல் நூல்ல சொல்ற மாலியார்ஃபா துறைமுகம் மயிலாப்பூர்தான்னு அறிஞர்கள் அடையாளம் காட்டறாங்க. ஒருத்தர் அந்த வழியில வந்திருக்க முடியும்ங்கற வரைக்கும் காசு துணைக்கு வரும். வந்தவர் பேர் தோமாங்கறதுக்கு அது சாட்சி சொல்லாது. நம்பிக்கைக்கு வேற வேர் இருக்கு. அதைக் காசு மேல ஏத்தி வைக்க வேண்டியதில்ல.

ஒரு காசு உண்மையிலேயே உதவி பண்ண இடமும் இருக்கு. 'தோமாவின் பணிகள்'னு 3-ம் நூற்றாண்டுல எழுதின ஒரு நூல். பைபிள்ல சேராதது. அதுல தோமா இந்தியாவுக்கு வந்து குண்டபோரஸ்ங்கற ராஜாவுக்கு அரண்மனை கட்ட ஒத்துக்கறார். குடுத்த பணத்தை எல்லாம் ஏழைகளுக்குக் குடுத்துட்டு, உங்க அரண்மனை பரலோகத்துல ரெடியா இருக்குன்னு சொல்றார். அந்த ராஜா பேரு வேற எந்த வரலாற்றுலயும் இல்ல, அதனால கற்பனைன்னு தள்ளி வெச்சிருந்தாங்க. 1830-கள்ல ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் கிடைச்ச காசுகள்ல கோண்டபாரஸ்னு ஒரு ராஜா பேர் வந்தது. அவர் தட்சசீலப் பகுதியை ஆண்ட இந்தோ-பார்த்திய ராஜா, முதல் நூற்றாண்டு. அப்படி ஒரு ராஜா இருந்தார்னு காசு நிரூபிச்சது. அரண்மனைக் கதையை நிரூபிக்கல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை மறக்காம இருக்கறவர்தான் நல்ல சேகரிப்பாளர்.

சரி, கிறிஸ்தவ அடையாளமே பொறிச்ச ரோமானியக் காசு தமிழ்நாட்டுல இல்லையான்னா, இருக்கு. கான்ஸ்டன்டைனுக்கு அப்புறம் 4, 5-ம் நூற்றாண்டுல வந்த சின்னச் சின்னச் செப்புக்காசு. ஒண்ணு, ரெண்டு கிராம்தான் இருக்கும், தேய்ஞ்சு போய் பட்டன் மாதிரி. கரூர்ல அமராவதி ஆத்து மணல்லயும், மதுரையிலயும் கிடைக்குது. இலங்கையில இன்னும் நிறைய. தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் காசுல வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துட்டுப் போகும், பக்கத்துல கிறிஸ்துவைக் குறிக்கற சின்ன முத்திரை. அமராவதிக் கரையில அதைக் குடுத்துப் பொருள் வாங்கினவர் கிறிஸ்தவரான்னு கேட்டா, இருக்கணும்னு இல்ல. நம்ம கையில இருக்கற நோட்டுல என்ன படம் இருக்குன்னு பார்த்தா நாம டீ வாங்கறோம்?

இந்தச் செப்புக்காசுகளை இன்னிக்கு நாம பேச முடியுதுன்னா அதுக்கு ஒரு சேகரிப்பாளர் காரணம். தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர், மதுரையில கிடைச்ச பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைப் பத்தி 1994-ல ஆங்கிலத்துல தனிப் புத்தகமே போட்டார். பல பேர் பழைய பாத்திரக் கடைக்குத் தள்ளிவிட்ட காசு அது. பார்க்க அழகில்ல, விலை போகாது. எந்த ஊர்க் காசுன்னு சேர்த்துப் பதிவு பண்ணதாலதான் அது வரலாறாச்சு.

சட்டம் என்ன சொல்லுது?

சட்டம் ரெண்டு இருக்கு.

முதலாவது 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். மண்ணுக்குள்ள புதைஞ்சிருந்து கிடைக்கற பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தா, கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். பத்து ரூபாங்கறது அந்தக் காலத்துக் கணக்கு, இன்னிக்கு எந்தக் காசும் அதுல வந்துடும். ஆங்கிலேயர் காலத்துல சென்னை மாகாணத்துல கிடைச்ச பல குவியல்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அந்தச் சட்டத்துல ஒரு கணக்கு இருக்கு. அரசாங்கம் புதையலை எடுத்துக்கிட்டா, அந்தப் பொருள்ல இருக்கற உலோகத்தோட மதிப்பு, அதுக்கு மேல ஐந்துல ஒரு பங்கு, இதைக் குடுக்கணும். நாலு கிராம்கூட இல்லாத வெள்ளிக்காசுக்கு எவ்வளவு வரும்? சில நூறு ரூபா. அதே காசு வெளிநாட்டு ஏலத்துல சில நூறு டாலர். வரப்பு வெட்டும்போது பானை கிடைச்ச விவசாயி, அல்லது ஜேசிபி டிரைவர், எந்தப் பக்கம் சாய்வார்? அவரைத் திட்டறதுல அர்த்தம் இல்ல. கணக்கையே அப்படிப் போட்டு வெச்சிருக்கோம். உண்மையைச் சொல்றவருக்கு நஷ்டம் வர்ற மாதிரி சட்டம் இருக்கற வரைக்கும், கிடைச்ச இடம்ங்கற அந்த வரி காணாமப் போயிட்டேதான் இருக்கும். சந்தை மதிப்புக்குப் பக்கத்துலயாவது ஒரு தொகை குடுத்தா, பானை முழுசா, ஊர்ப் பேரோட மியூசியத்துக்கு வரும்.

ரெண்டாவது 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம். 100 வருஷத்துக்கு மேல பழைய எந்தக் காசும் தொல்பொருள். அதைத் தனிநபர் நாட்டை விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. துபாய்ல இருக்கற அண்ணனுக்கு கிஃப்ட்டா பார்சல்ல போடறதும் இதுல வரும். தொல்பொருள் வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும். நீங்க ஒரு விற்பனையாளர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணா, லைசென்ஸ் இருக்கா, பில் தருவீங்களா?"

அப்போ வாங்கலாமா?

நேரா பதில் சொல்றேன். அந்தப் பக்கத்துல இருந்து வாங்க வேண்டாம். காரணம் போலியா இருக்கலாம்ங்கறது மட்டும் இல்ல. போலியைப் பிடிக்க வழி இருக்கு. எடை போட்டுப் பாருங்க, அசல் காசு அச்சு வெச்சு அடிச்சது, அதனால விளிம்பு சுத்தி ஒட்டுக் கோடு இருக்காது. அச்சுல ஊத்தி வார்த்த போலியில சின்னச் சின்னக் காத்துக் குமிழி, சோப்பு மாதிரி வழுவழுப்பு தெரியும். சர்ட்டிஃபிகேட்டுங்கறது விக்கறவரே பிரிண்டர்ல எடுத்துத் தர்ற பேப்பர்தான் பல சமயம். யார் குடுத்தாங்க, அவங்க பேரைப் போட்டு, தப்பா இருந்தா பணம் திரும்பக் குடுப்பாங்களான்னு பாருங்க.

காசு அசலாவே இருந்தாலும், அது எங்க இருந்து வந்தது, இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்ததுன்னு ஒரு வரி சொல்ல முடியாதவர்கிட்ட வாங்கினா, நாம அடுத்த பானை உடையறதுக்கு முன்பணம் குடுக்கறோம். பழைய ஏலப் பட்டியல்ல வந்தது, இன்னாரோட சேகரிப்புல இருந்ததுன்னு காகிதம் உள்ள காசு, லைசென்ஸ் உள்ளவர்கிட்ட கிடைச்சா, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதை வாங்குங்க. அந்தக் காகிதத்துக்கும் சேர்த்துத்தான் காசு குடுக்கறீங்க.

38,000 ரூபா இப்போதைக்கு பேங்க்லயே இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை மருமகனைக் கூட்டிட்டு எழும்பூர் மியூசியம் போங்க. வெள்ளிக்கிழமை லீவு, மறந்துடாதீங்க. நாணயப் பிரிவு திறந்திருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. "மாமா, இதுதான் அந்தக் காசா?"ன்னு அவன் கேட்டா, இந்த மாதிரி காசுதான்டா, ஆனா இது வந்தது நம்ம கோயம்புத்தூருக்குன்னு சொல்லுங்க. பத்து வயசுப் பையனுக்கு வெல்வெட் டப்பாவைவிட அந்த வாக்கியம் ரொம்ப நாள் ஞாபகம் இருக்கும். வாட்ச்சும் வாங்கிக் குடுங்க. தாய்மாமன் வெறுங்கையோட போனா அக்கா விடமாட்டாங்க.

மத்த எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள்ல பல பேருக்கு கோயம்புத்தூர், திருப்பூர், கரூர், உடுமலைப் பக்கம் தாத்தா வீடு இருக்கும். பீரோ லாக்கர்ல, சாமி ரூம்ல, பாட்டியோட சுருக்குப் பையில ஒரு பழைய காசு இருக்கலாம். விபூதி போட்டுத் தேய்ச்சுப் பளபளப்பாக்க வேண்டாம், எலுமிச்சம்பழமும் வேண்டாம். ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, சமையல் தராசு இல்லாம நகைக்கடைத் தராசுல எடை போடுங்க. அப்புறம் ரொம்ப முக்கியமா, "தாத்தா, இது எங்க கிடைச்சது, எப்போ, யார் குடுத்தாங்க?"ன்னு கேட்டு, அவர் சொல்றதை அவர் வார்த்தையிலயே எழுதி, தேதி போட்டு அதோட வெச்சுடுங்க. தப்பா ஞாபகம் இருந்தாலும் பரவால்ல, எழுதுங்க. புதுசா மண்ணுல கிடைச்சதுன்னா வட்டாட்சியர் ஆபீஸ்ல சொல்லுங்க. காசு இன்னும் ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். தாத்தாவுக்கு மட்டும்தான் அந்த ஒரு வரி தெரியும்.

அப்படி ஏதாவது கேட்டு எழுதினீங்கன்னா நமக்கும் மெயில் பண்ணுங்க. வீட்டு அட்ரஸ், போன் நம்பர் எதுவும் வேண்டாம், ஊர்ப் பேரும் கதையும் போதும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.